திரும்பி வராத வில்லைகள்

மூட்டைக்கு ஒரு வில்லை. கிட்டங்கியில் அதுதான் சட்டம். லாரியிலிருந்து மூட்டையை இறக்கிக்கொண்டு பலகை ஏறி வருகிறவன் கையில், வாசல் ஸ்டூலில் இருக்கும் வில்லைக்காரர் ஒரு தகர வில்லையைப் போடுவார். சனிக்கிழமை ஜன்னலில் நீட்டினால் கிளார்க் அதற்குக் கூலி கொடுப்பார். வில்லை மறுபடி பெட்டிக்கு வந்துவிடும். மொத்தம் ஆயிரம்.

இருபத்தாறு வருஷம் மூட்டை தூக்கி முதுகு போன பிறகுதான் அந்த ஸ்டூல் அவருக்குக் கிடைத்தது. அதற்கும் இப்போது ஆபத்து. மூன்று வாரமாகப் பெட்டி இளைத்துக்கொண்டே வந்தது. போன சனிக்கிழமை எண்ணியபோது முந்நூறு குறைந்தது.

"பெட்டி இவர் கையிலதானே இருக்கு?" என்று மேஸ்திரி முதலாளி காதில் போட்டுவிட்டார்.

முதலாளி அதிகம் பேசவில்லை. "வர்ற சனிக்கிழமை ஆயிரமும் இருக்கணும். இல்லேன்னா எந்திரிச்சு மூட்டையத் தூக்கு."

வில்லைக்காரருக்குத் தூக்கம் போயிற்று. கூலியை வேண்டாமென்கிற கூலிக்காரன் உண்டா? யாரோ களவாடுகிறான். அன்றிலிருந்து ஒவ்வொருவன் இடுப்பையும் நோட்டம் விட்டார். மூட்டை தூக்கும் மொட்டைக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னண்ணே, மடியையே பாக்குறீங்க? எனக்குப் பொண்ணு குடுத்தவர்கூட இப்படிப் பாக்கலையே!"

டீக்கடையில் முதல் துப்பு கிடைத்தது. கல்லாவுக்குள் சில்லறையோடு வில்லைகள் பளபளத்தன.

"இது எப்படிம்மா இங்க வந்துச்சு?"

"ஏன், நான் திருடிட்டேன்னா?" டீக்கடைக்காரி வெந்நீரை ஓங்கி ஊற்றினாள். "வாரக் கடைசி வரைக்கும் எவன் கையில காசு இருக்கு? டீக்கு இதத்தான் நீட்டுறான். நானும் பால்காரனுக்கு இதத்தான் குடுக்குறேன். அவன் வாங்கிக்கிறான், எனக்கென்ன நோவு?"

எண்ணிப் பார்த்தார். முப்பதுக்கு மேல் தேறாது. மற்றதெல்லாம் எங்கே?

அவர் மனைவியின் தம்பியும் அங்கேதான் மூட்டை தூக்குகிறான். சொந்தம் என்று விட்டுவிட முடியுமா? அவன் வீட்டுக்கே போய்த் தலையணையைத் தட்டிப் பார்த்தார். கலகலவென்று சத்தம்.

"டேய் மாப்ள, என் குடியக் கெடுத்தது நீதானா?"

"ஐயோ மாமா, என் ஒழைப்பு அது! சம்சாரத்துக்குப் பிரசவம் வருது. காசா வச்சா கரைஞ்சு போயிடுது. இதுன்னா கடக்காரன் பாதிப் பேரு வாங்க மாட்டான், பத்திரமா கெடக்கும்."

"மொத்தம் எத்தன?"

"நாப்பது. மிச்சத்த மேஸ்திரிகிட்ட வித்துட்டேன்."

"வித்தியா?"

"அஞ்சு வில்லைக்கு நாலு வில்லைக் காசு, அப்பவே கையில. ஒண்ணாந்தேதிலேர்ந்து மூட்டைக் கூலி கூடுதுல்ல? வில்லையில தேதியா போட்டிருக்கு? பழசுக்கும் புதுக் கூலிதானே. எல்லார்கிட்டயும் வாங்கிக் குவிக்கிறார் மாமா."

வில்லைக்காரர் அப்படியே குந்திவிட்டார். முதலாளி காதில் பழியைப் போட்டவர் வீட்டில்தான் அந்த முந்நூறில் பெரும்பங்கு தூங்குகிறது. முதலாளியிடம் சொன்னால் எடுபடாது. மேஸ்திரி அவருக்கு வலக்கை.

மறுநாள் மதியம், மேஸ்திரி டீக்கடையில் டீ குடிக்கும் நேரம் பார்த்து, பக்கத்துத் தகரப் பட்டறை வாசலில் நின்று உரக்கக் கேட்டார். "தகர வில்லைக்கு நடுவுல ஓட்ட போட என்ன ஆகும்? ஆயிரம் போடணும்."

"எதுக்கு?" என்றார் பட்டறைக்காரர்.

"ஒண்ணாந்தேதிலேர்ந்து ஓட்ட வில்லைதான் செல்லுமாம். பழசு, இந்தச் சனிக்கிழமையோட வெறும் தகரம்."

பச்சைப் பொய். ஆனால் மேஸ்திரியின் டீ பாதியிலேயே நின்றது.

சனிக்கிழமை ஜன்னலில் தேர்க்கூட்டம். டீக்கடைக்காரி வந்தாள், பால்காரன் வந்தான், மச்சினன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். கடைசியில் மேஸ்திரியின் மைத்துனன் ஒரு பையோடு வந்து, யார் முகத்தையும் பாராமல் நின்றான்.

எல்லாரும் போன பிறகு வில்லைக்காரர் நூறு நூறாக எண்ணி அடுக்கினார். பத்து அடுக்கு நிறைந்தது. நெஞ்சுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் பெட்டியைப் பார்த்தார். அடியில் இன்னும் பதினான்கு கிடந்தன.

மறுபடி எண்ணினார். பதினான்குதான். அவற்றின் விளிம்பு விரலைக் கீறியது. புதுத் தகரம். யாரோ கள்ள வில்லை அடித்திருக்கிறான். மேஸ்திரியா? பட்டறைக்காரரா? மொட்டையா? வெளியே சொன்னால், பெட்டி யார் கையில் இருக்கிறது என்றுதான் முதல் கேள்வி வரும்.

"எத்தன?" உள்ளேயிருந்து முதலாளி கேட்டார்.

"ஆயிரம், சரியா இருக்கு."

பதினான்கும் மடிக்குள் போயிருந்தன. இருக்கட்டும். என்றைக்காவது ஒன்றிரண்டு குறைந்தால் போட்டு நிரப்ப ஆகும். வாசலில் மேஸ்திரி நின்று அவர் இடுப்பையே பார்த்தார். வில்லைக்காரர் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அடிமேல் அடி வைத்து நடந்தார்.