நூற்றுப் பதினோரு கிணறுகள்

ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகளின் கடைசிப் பக்கங்கள்தான் என் பிழைப்பு. கட்டுரையை யாரோ எழுதுவார்கள், யாரோ படிப்பார்கள். அதன் அடியில் இருக்கும் மேற்கோள் பட்டியலை அந்தந்த இதழின் விதிப்படி ஒழுங்கு செய்து கொடுப்பவள் நான். பெயருக்குப் பின் காற்புள்ளி, ஆண்டுக்குப் பின் அரைப்புள்ளி, இதழின் பெயர் சாய்வெழுத்தில். பதினேழு வருடமாக இதையே செய்வதால் அலுவலகத்தில் எனக்கு 'கமா அக்கா' என்று பெயர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் திரைக்கு வந்த கட்டுரை கிணற்று நீரின் உப்பைப் பற்றியது. எழுதியவர் என் தங்கையின் பேராசிரியர். தங்கை போய் அப்போது ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

அவள் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்தவள். மூன்று வருடம் கிணறு கிணறாக அலைந்து, கருவியைக் கயிற்றில் இறக்கி, உப்பை அளந்து நோட்டில் எழுதினாள். வீட்டில் அவளைத் தவளை என்றுதான் கூப்பிடுவோம். "கிணத்துத் தவளைன்னு கேலி பண்றீங்களே, நீங்கெல்லாம் எத்தனை கிணத்தைப் பார்த்திருக்கீங்க? நான் நூறு கிணத்துத் தவளையாக்கும்" என்பாள். ஆய்வேட்டை முடிப்பதற்குள் ஒரு காய்ச்சல் ஐந்தே நாளில் அவளைக் கொண்டுபோய்விட்டது.

பட்டியலில் முப்பத்தெட்டு மேற்கோள்கள் இருந்தன. பதினான்காவது, இரண்டு வருடத்துக்கு முன் அவர்கள் குழுவாக வெளியிட்ட கட்டுரை. எட்டு ஆசிரியர்கள், என் தங்கை ஐந்தாவது. ஆறு பேருக்கு மேல் போனால் முதல் மூவரை மட்டும் வைத்து 'மற்றும் பிறர்' என்று முடிக்க வேண்டும் என்பது இந்த இதழின் விதி. அதுவரை ஆயிரக்கணக்கான ஐந்தாமவர்களை அப்படி அழித்திருக்கிறேன், ஒருவரையும் நினைத்துப் பார்த்ததில்லை. அன்று அவளையும் அழித்தேன். விதியில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை இரண்டாவது அட்டவணையில் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு கிணறுகளின் அளவுகள், கீழே ஆதாரம் பதினான்கு என்று போட்டிருந்தது. பக்க எண்ணைச் சரிபார்க்கப் பதினான்கைத் திறந்தேன். அதில் அறுபது கிணறுகள்தான் இருந்தன. மிச்சம் ஐம்பத்திரண்டு எங்கிருந்து வந்தது?

எங்கிருந்து என்று எனக்குத் தெரியும், என் தங்கையின் நோட்டிலிருந்து. எண்பத்து மூன்றாவது கிணற்றுக்கும் எண்பத்து நான்காவது கிணற்றுக்கும் புள்ளி பிசகாமல் ஒரே அளவுகள். அது ஒரே கிணறு. அந்த வீட்டு அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது கிணற்றின் நடுவே சுவர் எழுப்பிவிட்டார்கள். ஒரு வீட்டுக்கு வாசல் இந்தத் தெருவில், மற்றதற்கு அடுத்த தெருவில். இரண்டு பக்கமும் அரைவட்டம்தான் தெரியும். சுவரோடு ஒட்டிக் கட்டிய இரண்டு கிணறுகள் என்று நினைத்து இவள் இரண்டு எண் கொடுத்துவிட்டாள். கடைசித் தடவை போனபோது இந்தப் பக்கம் கருவியை இறக்க, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வாளி வந்து மோதியிருக்கிறது. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள். சிரித்து முடித்து நோட்டில் திருத்தினாள்: '83, 84 ஒரே கிணறு. நடுவில் சுவர். மொத்தம் 111.' அடுத்த வாரமே படுத்துவிட்டாள். பேராசிரியரிடம் இருந்தது திருத்தத்துக்கு முந்தைய பட்டியல்.

எழுதியவர் வார்த்தையில் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. ஓரத்தில் கேள்வி எழுப்ப உரிமை உண்டு. எழுப்பினேன். 'அட்டவணை 2இன் அளவுகள் மேற்கோள் 14இல் இல்லை. சரியான ஆதாரம் தரவும். 83, 84 ஒரே கிணறா? மொத்தத்தை உறுதி செய்யவும்.'

சனிக்கிழமை, அவளுடைய நான்கு நோட்டுகளையும் பல்கலைக்கழக நூலகத்தில் கொடுத்தேன். நூலகர் அவளை அறிந்தவர். பதிவு செய்து, எண் எழுதிய சீட்டைக் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை எங்கள் டீம் லீடர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

"கமா அக்கா, அந்தக் கிணறு கட்டுரைல என்ன கேட்டு வெச்சிருக்கீங்க? அவர் குதிக்கிறார்."

"கிணத்துல தானே? குதிக்கட்டும்."

"விளையாடாதீங்க. நம்ம வேலை புள்ளி, கமா. கிணத்தை எண்றது நம்ம வேலையா?"

"அட்டவணைல இருக்கறது ஆதாரத்துல இருக்கான்னு பாக்கறது நம்ம வேலைதானே?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "உங்க தங்கச்சி விஷயம்னு மேல தெரிஞ்சா என் தலைதான் உருளும். அந்தக் கேள்வியை எடுத்துடுங்கக்கா."

"கேள்வி தப்புன்னு சொல்லு, இப்பவே எடுத்துடறேன்."

அவன் என் திரையில் அட்டவணையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தான். அவனுடைய கைப்பேசி அடித்தது. எண்ணைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான்.

"83, 84 கேள்வியைப் பார்த்ததுமே நினைச்சேன், நீங்க அவளோட அக்காவாம்மா?" என்றார் பேராசிரியர். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே. அந்தப் பொண்ணு எனக்கு மக மாதிரி."

"மக பேரை யாராவது விட்டுடுவாங்களா சார்?"

"இது எங்க திட்டத்தோட அளவுகள். ஆசிரியர்களின் வெளியிடப்படாத அளவுகள்னு போட்டுக்கங்க."

"போடலாம் சார். மொத்தம் நூத்திப் பன்னெண்டா, நூத்திப் பதினொண்ணா? அதை மட்டும் சொல்லிடுங்க."

"அதுக்கு அவ நோட்டைப் பாக்கணும். அனுப்பி வைங்க."

"நூலகத்துல இருக்கு. யார் வேணா பாக்கலாம். பாத்துட்டு எழுதறவங்க அந்தப் பேரையும் எண்ணையும் போடணும், அவ்வளவுதான்."

"இதால கட்டுரை தள்ளிப்போகும், தெரியுமா?"

"தள்ளிப்போகட்டும் சார். அவளுக்கு அவசரம் இல்லை. எனக்கும் இல்லை."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தேன். டீம் லீடர் அதை வாங்கிக்கொண்டான். தன் தண்ணீர் பாட்டிலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனான். கேள்வி ஓரத்திலேயே நின்றது.

பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டே வரி. மொத்தம் 111. அட்டவணை 2க்கான ஆதாரம் இணைப்பில். இணைப்பில் என் தங்கையின் பெயர், 'களக் குறிப்பேடுகள், நான்கு தொகுதிகள்', நூலக எண். நன்றியோ வருத்தமோ இல்லை. நான் கேட்டதும் அது இல்லை.

அந்த இதழில் மேற்கோள்கள் கட்டுரையில் வரும் வரிசைப்படி எண் பெறும். இவள் பதினான்குக்கு அடுத்து வந்தாள். பெயர், காற்புள்ளி, முதலெழுத்து. ஒருத்திதான் என்பதால் 'மற்றும் பிறர்' தேவைப்படவில்லை. இறந்தவர்களுக்கு இந்தப் பட்டியலில் தனி அடையாளம் எதுவும் கிடையாது. உயிரோடு இருப்பவர்களின் நடுவில் அப்படியே நிற்பார்கள்.

"ஒண்ணை நடுவுல நுழைச்சா கீழ இருக்கிற எல்லாத்தையும் மாத்தணுமே அக்கா," என்று டீம் லீடர் அலுத்துக்கொண்டான். "கட்டுரைக்குள்ளயும் தேடித்தேடி மாத்தணும். இன்னிக்குள்ள முடியுமா?"

"முடியும்" என்றேன்.

பழைய பதினைந்து பதினாறானது. பதினாறு பதினேழானது. பெரிய பெரிய பேராசிரியர்கள், பரிசு வாங்கியவர்கள், பாடப்புத்தகம் எழுதியவர்கள், மொத்தம் இருபத்து நான்கு பேரை ஒவ்வொருவராக ஒரு படி கீழே இறக்கினேன். அதற்கு ஒரு மென்பொருள் உண்டு, ஒரு நொடியில் செய்துவிடும். நான் கையால் செய்தேன்.