மாமனார் நாப்

பழைய சவுண்ட் மிக்ஸரை வெறும் மிக்ஸர் என்று சொன்னால் அதற்கே கோபம் வரும். அது கட்டில். இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம், தூக்க நாலு பேர் வேண்டும். இடது பாதி மச்சானுக்கு, வலது பாதி சவுண்டுக்காரருக்கு. பாடுகிறவர்களெல்லாம் மச்சான் கையில். வாத்தியங்களும், மொத்த சத்தத்தையும் சீர்படுத்துகிற ஈக்வலைசர் பெட்டியும் இவர் கையில். முழங்கையோடு முழங்கை இடிக்க உட்கார்ந்து அவர்கள் பார்க்காத கல்யாணமா, பார்க்காத கச்சேரியா! பாடகர் இருமப் போகிறார் என்று இவர் கண்ணைக் காட்டுவதற்குள் மச்சான் மைக்கை இறக்கியிருப்பான்.

அந்த மிக்ஸரில் எதோடும் இணைக்காத நாப், சும்மா சுற்றும் திருகு, ஒன்று உண்டு. அதற்குப் பேர் மாமனார் நாப். சவுண்டுக்காரருக்குப் பெண் கொடுத்த புண்ணியவான், அதாவது மச்சானைப் பெற்ற அப்பா, முதல் கச்சேரியிலேயே பின்னால் வந்து நின்றுகொண்டு "பேஸ் பத்தல மாப்பிள்ளை, பேஸ் பத்தல" என்று உயிரை எடுத்தார். மச்சான் முகத்தை ரொம்ப கவனமாக வைத்துக்கொண்டு, செத்துக் கிடந்த அந்த நாப்பை ஒரு சுற்று சுற்றினான். மாமனார் கண்ணை மூடித் தலையாட்டினார். "ஆங், இதைத்தான் சொன்னேன்" என்று கிளம்பிப் போனார். அன்றைக்கு இரண்டு பேரும் மிக்ஸருக்கு அடியில் குனிந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வயிறு புண்ணாகிவிட்டது. அதற்கப்புறம் எந்த விழாக்காரர் மூக்கை நுழைத்தாலும் மாமனார் நாப்தான். ஆள் திருப்தியாகப் போவார், இவர்கள் குனிந்துகொள்வார்கள். ஹூம், அதெல்லாம் ஒரு காலம்.

இப்போது அந்தக் கட்டிலே படுத்துவிட்டது. பாகம் எங்கும் கிடைக்கவில்லை. அதனால்தான் இருவரும் கடையின் பின்னறையில் இரண்டு டிஜிட்டல் மிக்ஸர்களுக்கு முன்னால் நிற்கிறார்கள். ஒன்று சின்னது. ஒரு திரை, சத்தத்தை ஏற்றி இறக்கத் தள்ளுகிற ஃபேடர்கள் கொஞ்சமே கொஞ்சம். ஒரே ஆள் உட்கார்ந்த இடத்தில் எல்லாவற்றையும் எட்டிவிடலாம். மற்றது அகலமானது, திரையே இரண்டு.

மனசுக்குள் சவுண்டுக்காரர் சின்னதை எடுத்து முடித்தாயிற்று. மச்சானுக்கு முட்டி போய்விட்டது. இந்தச் சில வருஷமாகக் கச்சேரி நடக்கும்போதே மிக்ஸருக்கு அடியில் முட்டி போட்டு உட்கார்ந்து "வயர் லூஸு அத்தான்" என்று எதையாவது நோண்டிக்கொண்டிருப்பான். முட்டி தேயாமல் என்ன செய்யும்? சின்னது வந்தால் ஒரு ஆள் போதும். 'இனிமே நீ வீட்ல இரு மச்சான், நான் பாத்துக்கறேன்' என்று சொல்லிவிட வேண்டும். காலையிலிருந்து அந்த வார்த்தை தொண்டையிலேயே நிற்கிறது, வெளியே வருவேனா என்கிறது.

கடைப்பெண் ஒரே பாட்டை இரண்டிலும் போட்டாள். சின்னதில் இவர் டிரம்ஸைக் குறைக்கப் போனார், பாடகி காணாமல் போனாள்.

"திரையில பக்கம் மாறியிருக்கு சார். இப்ப அந்த ஃபேடர் பாடறவங்களுக்கு."

"எங்க மிக்ஸர்ல யாரும் இடம் மாறி உக்கார மாட்டாங்கம்மா" என்றார் இவர். மச்சான் வாயைப் பொத்திக்கொண்டான்.

அகலமானதற்கு வந்தார்கள். ட்ரெபிள், அதாவது கீச்சென்ற மேல் சத்தம், லேசாகக் கூசுவதுபோல் பட்டது அவருக்கு. இது அவர் வேலையாயிற்றே! நாப்பைப் பிடித்துப் பதமாகக் குறைத்தார். கண்ணை மூடினார். "ஆங், இப்பதான் காதுக்கு இதமா இருக்கு."

"சார், ஈக்வலைசரை இன்னும் ஆன் பண்ணவே இல்லையே" என்று திரையைக் காட்டிச் சிரித்தாள் கடைப்பெண். "எல்லாருக்கும் நடக்கறதுதான் சார், எனக்கே நடந்திருக்கு."

அவரும் அசடு வழிந்தார். இந்தத் தொழிலில் இந்தப் பள்ளத்தில் விழாதவர் யார்? அவள் ஆன் செய்தாள். இந்தத் தடவை ட்ரெபிளை ஏற்றிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஏற்றினார். கடைப்பெண் சட்டென்று காதைப் பொத்தினாள். மச்சான் முகத்தைச் சுளித்துக்கொண்டு, குறுக்கே கையை நீட்டி நாப்பை இறக்கினான்.

அவருக்கு மட்டும் பாட்டு அப்படியேதான் இருந்தது.

கடைப்பெண் கெட்டிக்காரி. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று நழுவிவிட்டாள்.

"உனக்குத் தெரியுமா மச்சான்?"

மச்சான் தரையைப் பார்த்தான்.

"கேக்கறேன்ல!"

"கொஞ்ச வருஷமாவே தெரியும் அத்தான். ஒரு கல்யாணத்துல ஜனங்க காதைப் பொத்திக்கிட்டாங்க. நீங்க ஏத்திக்கிட்டே இருந்தீங்க."

"அப்புறம்?"

"உங்க பெட்டியோட வயரைக் கழட்டி விட்டுட்டேன். அடியில, என் கால்கிட்ட இன்னொரு பெட்டி வச்சு நானே பாத்துக்கிட்டேன்."

சவுண்டுக்காரருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "அப்ப இத்தனை நாளா எனக்கே மாமனார் நாப்பா? நல்லா குனிஞ்சு குனிஞ்சு சிரிச்சிருப்ப!"

"குனிஞ்சேன் அத்தான்" என்றான் மச்சான். "சிரிப்பு வரல."

அவர் மச்சானின் முட்டியைப் பார்த்தார். எத்தனை மேடை, எத்தனை தடவை முட்டி போட்டிருப்பான், பாவி! கோபம் போன இடம் தெரியவில்லை. அழுகை வந்தது. காலையிலிருந்து தொண்டையில் வைத்திருந்த வார்த்தையை நினைத்து வெட்கமாக இருந்தது.

கடைப்பெண் தண்ணீரோடு திரும்பி வந்தாள். "எது சார் பிடிச்சிருக்கு?"

"அகலமானது. ரெண்டு நாற்காலி போடணும்."

"அத்தான், அதோட விலை..."

"நீ சும்மா இரு."

மறுபடியும் பாட்டைப் போடச் சொன்னார். ட்ரெபிள் நாப்பில் கை வைத்தார். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, மச்சான் முகத்தையே பார்த்தார்.

"சொல்லு. எறக்கட்டுமா?"

"கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ம், போதும் அத்தான்."

"அவ்வளவுதான்" என்றார் சவுண்டுக்காரர். "இனிமே நீ குனியாத."