வாசிக்காத கடைசி வரி

அன்று மழை பெய்ததா என்பது எனக்கு நிச்சயமில்லை. முரசின் தோல் ஈரமாக இருந்தது நினைவிருக்கிறது. அது கடலிலிருந்து வந்த மூடுபனியாகவும் இருந்திருக்கலாம். பன்னிரண்டு வருடங்களாக மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் சில இடங்கள் தேய்ந்துபோய்விட்டன. தேதி மட்டும் தேயவில்லை. 1698, ஏப்ரல் பதினான்கு.

லண்டனுக்கு வடகிழக்கே, சஃபோக் கடற்கரையில் ஒரு சிறிய கோட்டை. நான் அங்கே படைப்பிரிவின் எழுத்தர். சட்டத்தை உரக்க வாசிப்பதும் என் வேலை. சமாதான காலத்தில் ராஜா தன் இஷ்டத்துக்குப் படை வைத்துக்கொள்ள முடியாது; பாராளுமன்றம் சம்மதிக்க வேண்டும். ஓடிப்போன சிப்பாயை அதிகாரிகளே விசாரித்துச் சுடும் உரிமையும் பாராளுமன்றம் கொடுப்பதுதான். அதையும் ஒரு வருடத்துக்கு மட்டுமே கொடுக்கும். தெரியாது என்று எவனும் சொல்லிவிடக் கூடாதென்று இரண்டு மாதத்துக்கொருமுறை அணிவகுப்பில் சட்டம் முழுவதையும் வாசிப்போம். அதன் கடைசி வரி இது: ‘இச்சட்டம் ஏப்ரல் பத்தாம் நாள் வரை செல்லும், அதற்கு மேல் இல்லை.’

அடுத்த வருடத்துக்கான புதிய சட்டத் தாள் லண்டனிலிருந்து நேரத்துக்கு வந்ததே கிடையாது. பத்து நாள், பதினைந்து நாள் பிந்தும். அதுவரை பழைய தாளையே வாசிப்போம். யாரும் கேட்டதில்லை.

அந்த வசந்தத்தில் இரண்டு சிப்பாய்கள் பிடிபட்டார்கள். கிடியன் மார்ல், ஹோசியா டாப்லி. ஒரே ஊர்க்காரர்கள், நெசவாளர்கள். பிரான்சோடு சமாதானம் ஆகி ஆறு மாதமாகியிருந்தது. ஒரு காலையில் துப்பாக்கிகளைச் சுவரோரம் ஒழுங்காகச் சாய்த்து வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். ஹோசியாவின் அடுப்படியில் உட்கார்ந்து பட்டாணிக் கூழ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பிடித்து வந்தோம்.

விசாரணைக்குத் தலைவர் கேப்டன் தர்ல்பி. உள்ளே போகும் முன் அவரிடம் சொன்னேன்.

“கேப்டன், தேதி முடிஞ்சு நாலு நாள் ஆச்சுங்க.”

“என்னய்யா பெல், வருஷா வருஷம் இதே பாட்டா? தாள் வழியில வந்துட்டிருக்கும். கடைசி வரியை விட்டுட்டுப் படி. இல்லேன்னா எவனாவது வக்கீல் மாதிரி பேச ஆரம்பிச்சிருவான்.”

விட்டுவிட்டுப் படித்தேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. இன்றுவரை என்னால் தாங்க முடியாதது அதுதான்.

“ஏண்டா ஓடினீங்க?” என்றார் கேப்டன்.

“ஓடலைங்க, நடந்துதான் போனோம்,” என்றான் கிடியன். “சண்டைதான் முடிஞ்சுபோச்சே. படையைக் கலைக்கணும்னு பாராளுமன்றமே சொல்லுதாம். நாங்க கொஞ்சம் முன்னாடியே கலைஞ்சுட்டோம், அவ்வளவுதான்.”

ஒரு அதிகாரி சிரிப்பை அடக்க இருமினார். இருவருக்கும் மரண தண்டனை. ஆனால் வழக்கப்படி ஒருவன் செத்தால் போதும். யார் என்பதைப் பகடை சொல்லும்; குறைவாகப் போட்டவன் சாவான். தீர்ப்பைக் கேட்ட மற்றவர்களின் பயம் ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார் கேப்டன். அன்று மதியமே இருநூறு பேர் அணிவகுத்தார்கள். நடுவில் முரசைப் படுக்க வைத்து அதன்மேல் இரண்டு பகடைகளை வைத்தார்கள்.

ஹோசியா போட்டான். எட்டு.

“சூதாட்டம் பாவம்னு எங்க பாதிரியார் காது புண்ணாகிற வரைக்கும் சொல்லுவாரு,” என்று பகடைகளைக் கையில் குலுக்கினான் கிடியன். “கேப்டனே ஆடச் சொல்றாருன்னு கேட்டா என்ன சொல்லுவாரோ.”

மூன்று.

“கை வழுக்கிருச்சுங்க! ஈரம்! இன்னொரு தடவை போடட்டுங்க!” என்று ஹோசியா கத்தினான்.

“விடுறா. என்னை எதுலயுமே ஜெயிச்சதில்ல நீ. இன்னிக்காவது ஜெயிச்சியே.” என்றான் கிடியன். அவன் உதடு வெளுத்திருந்தது.

சுடுவதற்கு முன் அணியின் எதிரே சட்டத்தை மீண்டும் வாசிக்க வேண்டும். வாசித்தேன். கடைசி வரிக்கு முன் நிறுத்தித் தாளை மடித்தேன்.

“கிளார்க் ஐயா,” என்றான் கிடியன். “இன்னும் ஒரு வரி இருக்குமே?”

மடித்த தாளை இன்னொரு மடிப்பு மடித்தேன்.

“எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. ஆனா ஏழு வருஷமா நின்னு கேட்டிருக்கேன். அந்த வரி வந்தாத்தான் எங்களைக் கலைஞ்சு சாப்பிடப் போகச் சொல்லுவாங்க. அதுக்காகவே காத்துட்டு நிப்போம். ‘அதற்கு மேல் இல்லை’ன்னு முடியும். அது எங்கங்க போச்சு?”

அவன் கோபப்படவில்லை. தெரியாமல்தான் கேட்டான். இருநூறு பேரும் என்னைப் பார்த்தார்கள். தாள் என் கையில்தான் இருந்தது. பிரித்து அந்த வரியைப் படித்திருந்தால், நாள் கணக்குத் தெரிந்த எவனாவது வாய் திறந்திருப்பான். நான் பிரிக்கவில்லை. இரண்டு தடவை மூச்சு விட்டேன்.

“முரசு!” என்றார் கேப்டன்.

முரசொலியில் அவன் மறுபடி என்ன சொன்னான் என்பது கேட்கவில்லை. வாய் அசைந்தது தெரிந்தது. பன்னிரண்டு துப்பாக்கிகள் வெடித்தன.

மூன்றாம் நாள் தபால் வந்தது. புதிய தாள் இல்லை, ஒரு கடிதம் மட்டும். ராஜாவின் படையின்மேல் நம்பிக்கை இல்லாததால் பாராளுமன்றம் இந்த வருடம் சட்டத்தைப் புதுப்பிக்கவில்லை. ஏப்ரல் பத்தோடு எல்லாம் முடிந்தது. அதற்குப் பின் சிப்பாயும் மற்ற எல்லோரையும் போல ஒரு குடிமகன்.

கேப்டன் மூன்று முறை படித்தார்.

“அப்ப அன்னிக்கு நாம பண்ணினதுக்குப் பேர் என்னய்யா?”

“கொலைங்க.”

தன்னை அடித்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அன்று முழுவதும் அதை எடுக்கவில்லை.

ஹோசியாவை அடைத்து வைக்கச் சட்டம் இல்லை. அன்று மாலையே விட்டுவிட்டோம். அவன் தறிக்குத் திரும்பினான். யாரும் புகார் கொடுக்கவில்லை. கேப்டன் தர்ல்பி, விலை கொடுத்து வாங்கியிருந்த பதவியை விற்றுவிட்டு அயர்லாந்துக்குப் போய், இரண்டு வருடத்தில் காய்ச்சலில் இறந்தார். அடுத்த போர் நெருங்கியபோது, நான்கு வருடம் கழித்து, பாராளுமன்றம் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. அதை வாசிக்க வேறொரு எழுத்தர் வந்தார். நான் இப்ஸ்விச்சில் ஒரு வக்கீலிடம் உயில்களுக்கு நகல் எழுதுகிறேன். கிடியன் மார்ல் கோட்டையின் வடக்குச் சுவரோரம் கிடக்கிறான். அவனுக்கு இருபத்தாறு வயது.