பூவரசடி ஒழுங்கைப் புள்ளிகள்

மருந்துச்சாலையில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி சோமசேகரம், குழந்தையை நாக்கு நீட்டச் சொல்லவில்லை, வயிற்றை அமுக்கிப் பார்க்கவுமில்லை. அதற்கு முன்னமே "எந்த ஒழுங்கை?" என்று கேட்டார். குடியிருக்கும் குறுந்தெருவை இவர் ஏன் கேட்கிறார் என்று நல்லம்மாவுக்கு விளங்கவில்லை. மடியில் மகள் பவளம் கண்ணை அரைவாசி மூடியபடி கிடந்தாள். நிற்காத வயிற்றோட்டம், வாய் காய்ந்து உதடு வெடித்திருந்தது. மூத்தவனும் சித்திரை வெயிலில் இப்படித்தான் துவண்டு துவண்டு போய்ச் சேர்ந்தான். அப்போது இந்த மருந்துச்சாலையில் இருந்தவர் வேறு ஆள். ஒரு போத்தல் கலவை மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார். இவர் கரவெட்டிப் பக்கத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர்.

"பூவரசடி ஒழுங்கை, ஐயா."

அவர் எழும்பிப் போய்ச் சுவரில் ஒட்டியிருந்த பெரிய கடதாசியின் முன்னால் நின்றார். ஊரின் படம் அது. கோயில், பள்ளிக்கூடம், குளம், ஒழுங்கைகள் எல்லாம் அதில் இருந்தன. வயிற்றோட்டத்தோடு வந்தவர்களின் வீடுகளுக்கெல்லாம் சிவப்பு மையால் புள்ளி வைத்திருந்தார். மற்ற இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். பூவரசடி ஒழுங்கை மட்டும் அம்மாள் வருத்தம் வந்து கொப்புளம் போட்ட முகம்போல இருந்தது.

"உங்கடை ஆக்கள் எங்கை தண்ணி அள்ளுறவை?"

ஒழுங்கை முகப்பில் பரமலிங்கத்தாரின் தோட்டக் கிணறு இருக்கிறது. கற்கண்டுத் தண்ணீர். அதில் அவளுடைய சாதிக்காரர் கைவைக்கக் கூடாது. அந்த வீட்டார் யாரேனும் மனம் வைத்து அள்ளி, குடத்தில் முட்டாமல் உயரத்திலிருந்து ஊற்றும்வரை குடத்தோடு வேலிக்கரையில் காத்து நிற்கவேண்டும். ஊற்ற ஆள் வராத நாளில் பனங்காணிக்குள் இருக்கும் துரவுதான் கதி. மாடு இறங்கிக் குடிக்கிற, பாசி பிடித்த குழி அது. அவர்கள் குடில் போட்டிருப்பதும் பரமலிங்கத்தாரின் காணியில்தான். இதையெல்லாம் அரசாங்க ஆளிடம் சொன்னால் எங்கே போய் முடியுமோ?

"பயப்பிடாதை. உன்ரை பேர் ஒருத்தருக்கும் தெரியவராது, இது வெறும் புள்ளி" என்றார் அவர். "மருந்து நான் தரலாம். குடிச்சுப்போட்டு இவள் திரும்பவும் அந்தத் தண்ணியைத்தானே குடிக்கப்போறாள்? உங்களுக்கு ஒரு கிணறு வேணும். இந்தப் படத்தைப் பாத்தால் கிராமச்சங்கத்தாலை மறுக்கேலாது."

நல்லம்மா மகளின் உதட்டைப் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். துரவு இருக்கும் இடத்தையும், கடதாசியில் விரல் படாமல், காட்டிக்கொடுத்தாள்.

பவளம் தப்பிவிட்டாள்.

சங்கக் கூட்டத்துக்கு இளநீர் வெட்டிக் கொடுக்கப் போன அவள் புருஷன் வேலன், வாசலில் நின்று கேட்டதை வந்து சொன்னான். படத்தை மேசையில் விரித்ததும் எல்லாரும் எழும்பி நின்று பார்த்தார்களாம். "அப்ப வருத்தம் முழுக்க உவங்களிட்டையிருந்துதான் வருது" என்றாராம் பரமலிங்கத்தார். நல்ல தண்ணீர் இல்லாததால் வருகிறது என்று அப்போதிக்கரி தொண்டை கட்டும்வரை சொல்லிப் பார்த்தாராம். கிணறு வெட்ட யார் காணி தருவது என்று ஒருவர் கேட்டதோடு அந்தப் பேச்சு அடங்கிப்போயிற்று. வருத்தம் ஓயும்வரை பூவரசடிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது என்பதுதான் கடைசியில் எடுத்த தீர்மானம்.

விடிந்தபோது தோட்டக் கிணற்றுக்குப் போகும் வாசல் படலை முள் வைத்துக் கட்டப்பட்டிருந்தது. பரமலிங்கத்தாரின் மனைவி மீனாம்பிகை உள்ளே நின்றபடியே சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை.

"ஒண்டும் நினையாதையுங்கோடி பிள்ளையள். எங்கடை வீட்டிலையும் குஞ்சு குருமன் இருக்கு. அப்போதிக்கரியாரே படம் கீறிக் காட்டிப்போட்டார். இனி என்னெண்டு வாளியைக் கிட்டக் கொண்டு வாறது?"

வெறும் குடங்களோடு திரும்பும்போது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அயல்குடில் செல்லி, "துரவடியை ஆர் அவருக்குக் காட்டினது?" என்று கேட்டாள். ஒருவரும் நல்லம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள்.

அவள் நேரே மருந்துச்சாலைக்குப் போனாள். நீள வாங்குப் பலகையில் இருந்தவர்கள் அவளைக் கண்டதும் சேலையை ஒதுக்கிக்கொண்டு எழும்பினார்கள்.

"வெறும் புள்ளி எண்டியளே, ஐயா."

சோமசேகரம் நிமிரவில்லை. "இப்பிடி வருமெண்டு நான் நினைக்கேல்லை."

"முந்தி அள்ளி ஊத்தவெண்டாலும் ஆள் இருந்தது."

"படத்தைக் கழட்டிவிடுறன்."

"கழட்டி என்ன செய்யிறது? எல்லாரும் பாத்திட்டினம்."

துரவுத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தார்கள், விறகு கிடைத்த குடில்களில். செல்லியின் குழந்தை ஆடி பிறக்க முன்னமே அடங்கிவிட்டது. புதைத்துவிட்டு வந்த ஆண்கள் வேலியோடு குந்தியிருந்தபோது சோமசேகரம் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தார். பின்னால் வாய் திறந்த ஒரு சதுரத் தகரம் கட்டியிருந்தது. அதற்குள் அவர் தங்கியிருந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். வந்த வழியெல்லாம் தளும்பிச் சிந்தி, முக்கால்வாசிதான் மிச்சம்.

யாரும் அசையவில்லை. பிறகு செல்லி எழும்பிப் போய்த் தன் குடத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் தகரத்தைத் தூக்கினார். குடத்து விளிம்பில் முட்டாமல் நெஞ்சளவு உயரத்தில் பிடித்துக்கொண்டு சரித்தார். தெரிந்து தூக்கினாரா, கை தன்பாட்டில் உயர்ந்ததா? நல்லம்மா அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேர்வை தாடையால் வழிந்தது. காற்றுக்குத் தண்ணீர் சிதறிப் பாதி வெளியே விழுந்தது. பவளம் ஓடிவந்து குந்தி, சிந்திய தண்ணீர் கீழே இறங்காமல் தடுப்பவள்போல, ஒழுங்கையின் நனைந்த வெள்ளைக்கல்லில் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அழுத்தி வைத்துக்கொண்டாள்.