கோவாவும் ஒரு கரண்டி சட்னியும்

கோவாவில் பறங்கி ஆட்சி விழுந்து ஒரு மாதம் ஆகியும் நம் பட்டாளம் அங்கேயே இருந்தது. இன்னும் எத்தனை காலம் இருக்கலாம் என்பதை வடமதுரையில் சிவனம்மாளின் பணியாரக் கடையில் உட்கார்ந்து நாங்கள்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தோம். அவள் புருஷன் ஆண்டிச்சாமி அந்தப் பட்டாளத்தில் இருந்தான். கல்யாணமாகி மஞ்சள் கயிறு வெளுக்கும் முன்பே ரயில் ஏறியவன்.

"பத்து வருசமாவது இருக்கணும். இல்லாட்டி பறங்கி திரும்ப வந்துருவான்" என்றார் உடையப்பன். அவர் இலையில் பணியாரம் விழுந்தது, சட்னி விழவில்லை.

"ஊரு அவுகளுது. நம்ம ஆளுக நாளைக்கே கெளம்பணும்" என்றான் கண்ணுசாமி. அவனுக்கு இரண்டு கரண்டி.

நாக்குக்கு முன்னால் நியாயம் எம்மாத்திரம்? ஒரே வாரத்தில் கடை முழுக்க 'நாளைக்கே' கட்சி ஆகிவிட்டது, உடையப்பன் உட்பட. டெல்லியில்தான் ஒருவரும் எங்களை மதிக்கவில்லை.

திண்டுக்கல் பஸ் வந்து நின்றால் சிவனம்மாள் இறங்குகிறவர்களையே பார்ப்பாள். சட்டியில் பணியாரம் தீயும். கருகினதைத் தின்றுவிட்டு எழுந்து போவோம்.

சித்திரையில் ஆண்டிச்சாமி லீவில் வந்தான். அன்றைக்குக் கட்சி பார்க்காமல் எல்லாருக்கும் சட்னி ஊற்றினாள்.

"அங்குட்டு உள்ள சனம் என்னப்பா சொல்லுது?" என்று கேட்டான் கண்ணுசாமி.

"நல்ல சனந்தான். நாங்க கூடாரம் போட்டிருக்கிற தோப்புக்காரம்மா மட்டும் தெனமும் காலையில வந்து நிக்கும். பாஷை தெரியாது. கூடாரத்தக் காட்டும், ரோட்டக் காட்டும். எப்பப் போவீகன்னு கேக்குது. எனக்கென்ன தெரியும்? சிரிச்சு வைப்பேன்."

நாங்கள் சிரித்தோம். சிவனம்மாள் சிரிக்கவில்லை.

லீவு முடிந்து அவன் பஸ் ஏறினபோது இரண்டு பணியாரப் பொட்டலம் கொடுத்தாள்.

"ஒண்ணு ஒங்களுக்கு. இன்னொண்ணு அந்தத் தோப்புக்காரம்மாவுக்கு."

"போய்ச் சேர்றதுக்குள்ள ஊசிப்போகும் புள்ள."

"ஊசினாலும் கொண்டுபோய்க் குடுங்க" என்றாள். "நானும் அதையேதான் கேக்குறேன்னு சொல்லிக் குடுங்க."