துணைக்கு வைத்த பழைய டிஸ்க்

முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டு, படகுகள் கடலுக்குப் போக வழியில்லாமல் கரையில் கிடந்தன. ஆதிகேசவன் வலையின் கிழிசல்களைத் தைத்து முடித்தான். படகு என்ஜினைப் பிரித்துப் பூட்டினான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சியைப் பிரித்தான். பிரிப்பதற்கு வீட்டில் இனி ஒன்றுமில்லை என்று ஆனபோது, பழவேற்காடு கடைத்தெருவிலிருந்த மனைவியின் கடைக்கு வந்து சேர்ந்தான்.

தேவகியின் கடையில் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் ஒரே கம்ப்யூட்டரில்தான் தயாராகும். கடை தொடங்கி இத்தனை வருடத்தில் ஆதிகேசவன் உள்ளே வந்து உட்கார்ந்ததே இல்லை. மதியச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுவான். கூப்பிட்டால், காலெல்லாம் சேறு என்பான். சேறு இல்லாத நாளிலும் அதையே சொல்வான். அவள் வேலை அவனுக்குப் பிடிக்கவில்லையா, புரியவில்லையா, இல்லை, புரியவில்லை என்பதுதான் பிடிக்கவில்லையா என்று தேவகி யோசித்துப் பார்த்து, பிறகு யோசிப்பதை விட்டுவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. பொன்னேரியில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மாசிலாமணி போனிலேயே காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, அது அதிக நாள் தாங்காது என்றான். வேகமாக ஓடும் எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றைப் புதிதாகப் போட்டு, விண்டோஸையும் புதிதாகப் போட்டுவிடலாம். ஆனால் அவளுடைய பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் அதோடு போய்விடும். அதன் சிடி எப்போதோ தொலைந்துவிட்டது. அவள் விரல்களுக்கு வேறு எந்தக் கீபோர்டும் தெரியாது. தேவகிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

“பழைய போட்ல இருக்கற என்ஜினை அப்படியே தூக்கிப் புது போட்ல மாட்றோம்ல. இதுல அது முடியாதா?” என்று கேட்டான் ஆதிகேசவன்.

முடியும் என்று மாசிலாமணி ஒப்புக்கொண்டான். பழைய டிஸ்க்கில் இருப்பதை ஒன்று விடாமல் புதியதில் பிரதி எடுக்கவேண்டும், ஆனால் பார்த்துச் செய்யவேண்டிய வேலை என்றான். பார்த்துச் செய்வது என்பதை ஆதிகேசவன் வீடியோ பார்த்துச் செய்வது என்று எடுத்துக்கொண்டான். ஆந்திராவில் சூளூர்ப்பேட்டைப் பக்கம் சம்பந்தம் உள்ள குடும்பம் என்பதால் தெலுங்கு வீடியோவாகத் தேடிப் பிடித்தான். படகு என்ஜினுக்கு வைத்திருந்த ஸ்குரு டிரைவரால் கம்ப்யூட்டரைத் திறந்தான். பிரதி ஏறிய மத்தியானம் முழுக்க, தூண்டில் மிதப்பைப் பார்ப்பதுபோலத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லாம் சரியாகவே முடிந்தது. கடைசியாக, பழைய டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள் என்றார் வீடியோக்காரர்.

ஆதிகேசவன் கழற்றவில்லை. அவர்கள் குப்பத்தில் புது வலையை முதல் தடவை தனியாகத் தண்ணீரில் இறக்கமாட்டார்கள். பழைய வலையில் ஒரு துண்டை அதன் கடைசியில் முடிந்துதான் விடுவார்கள். பழையதற்குத் தண்ணீர் தெரியும், புதியதற்குத் துணையாக இருக்கும். வலைக்கு உள்ள நியாயம் டிஸ்க்குக்கும் உண்டு என்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூடியைப் பூட்டினான்.

பட்டனை அழுத்தினான். கம்ப்யூட்டர் எப்போதும்போல யோசித்து, எப்போதும்போல முனகி, எப்போதும்போலக் கண்ணைத் திறந்தது.

“இன்னாமே, எப்படி?” என்றான். முதல் வீச்சிலேயே வலை நிறைந்தவனைப்போல இருந்தது அவன் முகம்.

“சுருக்கா வருது,” என்றாள் தேவகி.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சொன்னபின் திருப்பி எடுக்கவும் வழியில்லை. மறுநாள் காலையில் அவளுக்கு முன்னால் அவன் கடையில் இருந்தான். கால் கழுவிக்கொண்டு வந்திருந்தான். அதன்பின் தினமும் வந்தான். வருகிறவர்களுக்கெல்லாம் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுக் காட்டினான். மகளின் நிக்காஹ் பத்திரிகைக்காக வந்த கைருன் பீவியும் தப்பவில்லை.

“கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துடும்னியே, ஆதி?” என்றார் பீவி, கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு.

“நீங்க அவசரப்பட்டுத் தெறந்துட்டீங்க பீவிம்மா. நல்லா மூடிக்கினு இருங்க.”

பீவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தேவகியைப் பார்த்தார். தேவகி கீபோர்டைத் துடைத்தாள்.

அவளுக்கு முதல் நாளே விஷயம் தெரிந்துவிட்டது. புதிய டிஸ்க்கின் கொள்ளளவு பழையதில் பாதிதான். திரையிலோ பழையதன் முழு அளவும் காட்டிக்கொண்டிருந்தது. துணைக்கு இருந்த கிழம்தான் இன்னும் வண்டி இழுக்கிறது, புதுசு பக்கத்தில் படுத்துத் தூங்குகிறது. சொல்லலாம். சொன்னால் எழுந்து போய்விடுவான், மறுபடியும் கால் சேறாகிவிடும். அவனுக்காக மறைக்கிறோம் என்று முதலில் நினைத்தாள். அவனுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிகிறது என்பதில் உள்ளுக்குள் ஒரு தித்திப்பு இருந்ததையும், அவன் பெருமையடிக்கும்போதெல்லாம் அதைக் கொஞ்சம் நக்கிக்கொண்டதையும் பிறகு கண்டுகொண்டாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

வியாழக்கிழமை, நிக்காஹ் பத்திரிகையின் நடுவில் திரை உறைந்து நின்றது. டிக் டிக் சத்தம் நின்று, யோசித்து, மறுபடி வந்தது. பிரதி எடுத்த நாளுக்குப் பிறகு செய்த வேலையெல்லாம் பழைய டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. இன்னும் பாசாங்கு செய்தால் பீவியின் மகளுடைய பத்திரிகையும் அதோடு முங்கிவிடும்.

மறுநாள் ஜும்மா தொழுகை நேரத்தில் கடைத்தெரு காலியாகிவிட்டது. ஆதிகேசவன் சாப்பிடப் போயிருந்தான். தேவகி அந்த வார வேலைகளைப் பென் டிரைவில் ஏற்றினாள். கம்ப்யூட்டரை அணைத்து, மூடியைத் திறந்து, பழைய டிஸ்க்கின் ஒயர்களை உருவினாள். மறுபடி போட்டபோது, விரலை எடுப்பதற்குள் என்று சொல்லும்படி, எல்லாம் வந்து நின்றது. அவளுடைய தமிழ் கீபோர்டு உட்பட. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அது அடங்குவதற்குள் பயம் வந்தது. இதுவரை வேகம் என்று அவன் ஊரெல்லாம் சொன்னது என்ன என்று இனி அவனுக்கே தெரிந்துவிடுமே. புதுசு பழகப் பழகத்தான் வேகம் வரும் என்று ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரை அணைத்தாள்.

அவன் வந்தான். ஏப்பம் விட்டபடி பட்டனை அழுத்தி, ஸ்டூலை இழுக்கத் திரும்பினான். ஸ்டூலோடு திரும்பியபோது திரை தயாராக இருந்தது. அணைத்துவிட்டு இன்னொரு தடவை போட்டான். பிறகு ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தான்.

“எந்த ஒயரைக் கழட்டின?” என்றான்.

தயாராக வைத்திருந்த பதில் எங்கோ போய்விட்டது. “உனக்குத் தெரியுமா?”

“புதுசுக்குச் சத்தமே இருக்காதுன்னு அந்த வீடியோலயே சொன்னான். தினம் என்ஜின் சத்தத்துலயே கெடக்கறவனுக்கு இந்த டிக் டிக் கேக்காதா?”

“அப்புறம் ஏன்யா ஊரெல்லாம் கூப்ட்டுக் காட்டின?”

“சுருக்கா வருதுன்னு நீதானே சொன்ன. நீ சொன்னப்புறம் நான் இல்லன்னு எப்படிச் சொல்றது? உன்னைப் பொய்க்காரி ஆக்கச் சொல்றியா?”

தேவகி இத்தனை நாள் தான் ஒருத்திதான் பெருந்தன்மையாக இருந்ததாக நினைத்திருந்தாள். எதிரில் இருந்தவனும் அதே தித்திப்பை நக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. அவனும் சிரித்தான். இருவரும் அடங்கியபோது கடை அளவுக்கு மீறி அமைதியாக இருந்தது. இனி அவன் உட்கார்ந்திருக்கக் காரணம் எதுவும் இல்லை.

“முகத்துவாரத்துல மணல் வார்றதுக்கு மெஷின் வந்துடுச்சாம்,” என்றான், எழுந்திருப்பதா வேண்டாமா என்பதுபோல.

“அப்படியா,” என்றாள். பிறகு, அவன் முகத்தைப் பார்க்காமல், “இந்த பிரிண்டரு பேப்பரை ரெண்டு ரெண்டா இழுக்குது. கொஞ்சம் பாத்துட்டுப் போயேன்,” என்றாள். பிரிண்டருக்கு ஒரு குறையும் இல்லை.

ஆதிகேசவன் ஸ்டூலைப் பிரிண்டர் பக்கம் நகர்த்தினான். தலையைச் சாய்த்து அதன்மேல் காதை வைத்தான்.

“ஆமா, சத்தமே சரியில்ல,” என்றான்.

பிரிண்டருக்கு அவள் இன்னும் சுவிட்சே போடவில்லை.