பெட்டகம் அனுப்பிய விருப்பங்கள்

அணுபுரம் டவுன்ஷிப்பில் லட்சுமணன் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு கம்ப்யூட்டர் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அதற்குள் அவரே எழுதிய ஒரு புரோகிராம்; பெயர் பெட்டகம். இணையத்தில் ஒரு பக்கத்தைக் காட்டினால் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும். அதிலுள்ள சுட்டிகளையெல்லாம் தொட்டு, அவை கூட்டிப்போகும் பக்கங்களையும் எடுத்து வைக்கும். "நாளைக்கு அந்தப் பக்கம் இருக்கும்னு யாரு கண்டா?" என்பார். நின்றுபோன ரயில்களின் அட்டவணைகூட அவரிடம் பத்திரமாக இருந்தது. ருமேனியாவில் ஏதோ ஒரு பஞ்சாயத்து தன் பக்கத்தைத் தொலைத்துவிட்டு இவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டதாக ஊரில் பேச்சு. அது பொய். அது பல்கேரியா.

2006ஆம் வருடம் ஒரு சனிக்கிழமை காலை, அவர் பெட்டகத்துக்கு ஒரே ஒரு பக்கத்தைத்தான் காட்டினார். வரன் பார்க்கும் தளமொன்றில் செங்கல்பட்டுப் பையன் பரணிதரனின் பக்கம். மூன்று வருடமாக வந்த ஜாதகத்துக்கெல்லாம் உதட்டைப் பிதுக்கிய மகள் அனு, இவனைப் பார்த்துத்தான், "இவர் ஓகேப்பா. இதுவும் தட்டிப்போச்சுன்னா என்கிட்ட இந்தப் பேச்சையே எடுக்காதீங்க" என்று சொல்லியிருந்தாள். மறுநாள் நாலு மணிக்குத் தட்டு மாற்ற வருகிறார்கள். நிச்சயமானதும் பக்கத்தை எடுத்துவிடுவார்களே, ஒரு பிரதி இருக்கட்டும் என்று நினைத்தார். ஜாதகமும் சேர்ந்து வரட்டுமென்று அனுவின் பெயரில் தான் பதிந்து வைத்திருந்த கணக்கின் பாஸ்வேர்டைப் பெட்டகத்திடம் கொடுத்துவிட்டு, மனைவி சியாமளாவோடும் அனுவோடும் திருவிடந்தைப் பெருமாளுக்கு மாலை சாத்தக் கிளம்பினார்.

சாயங்காலம் திரும்பியபோதும் பெட்டகம் ஓடிக்கொண்டிருந்தது. பரணிதரன் பக்கத்தின் அடியில், 'இவரைப் போன்ற வரன்கள்' என்று பத்துச் சுட்டிகள். அந்தப் பத்தின் அடியிலும் பத்துப் பத்து. ஒவ்வொரு பக்கத்திலும் 'விருப்பம் தெரிவிக்க' என்று இன்னொரு சுட்டி. மனிதனாக இருந்தால் அதன்மேல் கைவைக்குமுன் யோசிப்பான். பெட்டகத்துக்கு எல்லாம் ஒன்றுதான்.

அனுவின் பெயரில் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு விருப்பங்கள் போயிருந்தன. 'தங்களை எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. விரைவில் சந்திக்க ஆவல்.' கீழே வீட்டு முகவரி, தொலைபேசி எண்.

லட்சுமணன் பாய்ந்துபோய் மேசைக்கு அடியில் குனிந்தார். மின்கம்பியைப் பிடுங்கினார். போனதைப் பிடுங்க வழியில்லை. சியாமளாவின் பழைய லேப்டாப்பில் தளத்தைத் திறந்து பட்டியலைப் பார்த்தார். மேஜர், பல் டாக்டர், கத்தாரில் கிரேன் ஓட்டுபவர். நானூற்று முப்பதாவது பெயரில் விரல் நின்றது. சதாசிவம், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், செங்கல்பட்டு, வயது 61, மனைவியை இழந்தவர். படத்தில் மாமல்லபுரம் கடற்கரையில் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார்.

பரணிதரனின் அப்பா.

"சியாமளா..." லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

"சம்பந்திக்கேவா?" சியாமளா நெஞ்சில் கைவைத்தாள். "பையனைக் கேட்ட கையோட அப்பாவையும் கேட்டிருக்கீங்க. ரொம்ப நல்லா இருக்கு."

"நான் எங்கடி கேட்டேன்? அது கேட்டுது."

"அதுக்குப் பாஸ்வேர்டு கொடுத்தது யாரு?"

"மெதுவா பேசு. அனு காதுல விழுந்தா தொலைஞ்சேன்."

இரவெல்லாம் தொலைபேசி அடித்தது. கடைசியில் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். காலை எட்டு மணிக்கு டவுன்ஷிப் வாசற்காவலர் காசிநாதன் சைக்கிளில் வந்துவிட்டார்.

"இன்னா சார், போனை கீழ வெச்சிகினு கீறீங்களா? கேட்டாண்ட பதினோரு வண்டி நிக்குது. எல்லாம் பூவும் பழமுமா வந்துகீறாங்க. ஒருத்தரு நாயனக்காரரையே இட்டுகினு வந்துட்டாரு. உள்ள வுடட்டா?"

"ஐயோ, வேண்டாம் காசி! ஊர்ல இல்லேன்னு சொல்லிடு."

"சொன்னேன் சார். வர்ற வரைக்கும் குந்திகினு இருக்கோம்ன்றாங்க."

பன்னிரண்டாவதாக வந்தவர் மட்டும் சம்பந்தி என்று சொல்லி உள்ளே வந்துவிட்டார். நாலு மணிக்கு வரவேண்டிய சதாசிவம், பதினோரு மணிக்கே, தனியாக.

முடிந்தது என்று நினைத்தார் லட்சுமணன்.  ஆனால் யார் காதிலும் விழாதபடி கதவைச் சாத்தியவர் சதாசிவம்தான். அவர் வாங்கிக் குடித்த தண்ணீரில் பாதி சட்டையில் கொட்டியது.

"சார், பையனுக்கு இது தெரியாது சார். அவன் அம்மா போய் ஆறு வருஷம் ஆச்சு. எனக்குன்னு ஒரு பக்கம் சும்மா போட்டுப் பார்த்தேன். நேத்து உங்க செய்தி வந்ததும், கண்டுபிடிச்சுட்டீங்க, குத்திக் காட்டறீங்கன்னு புரிஞ்சுபோச்சு. உடனே பக்கத்தை அழிச்சுட்டேன். இதுக்காகச் சம்பந்தத்தை முறிச்சுடாதீங்க."

லட்சுமணன் திக்கித் திணறிப் பெட்டகத்தின் கதையைச் சொன்னார். அதைக் கேட்டதும் சதாசிவம் இன்னும் வெளுத்தார்.

"அப்போ என் பக்கம் அதுக்குள்ள இருக்கா?"

லட்சுமணன் கம்பியைச் செருகி, அவர் கண்ணெதிரே அழித்துக் காட்டினார்.

"போச்சா?"

"போச்சு."

அழித்ததையெல்லாம் பெட்டகம் ஒரு வாரம் வேறோர் இடத்தில் ஒளித்து வைத்திருக்கும். அப்படி எழுதியவரே அவர்தான். சொல்ல வாய் வரவில்லை.

நிமிர்ந்தால், அறை வாசலில் அனு. எப்போதிலிருந்து நிற்கிறாளோ.

"மாமா, நீங்களே உங்க பையன்கிட்ட சொல்லிட்டு வாங்க" என்றாள். "ஒருத்தருக்கொருத்தர் மறைக்கிற வீட்டுக்கு நான் வரமாட்டேன்."

சதாசிவம் தலையாட்டிவிட்டுப் போனார். லட்சுமணனுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

நாலு மணிக்குக் கார் வந்தது. பரணிதரன் நேராக லட்சுமணனிடம் வந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் தலை குனிந்தபடி சதாசிவம்.

"அப்பா எல்லாம் சொன்னார் சார். அந்தப் பக்கத்தை எழுத ரெண்டு மாசம் உட்கார்ந்திருக்கார். அழிச்சிருக்கவே வேண்டாம், திரும்பப் போடணும். உங்ககிட்ட பிரதி ஏதாவது..."

"என் கண்ணு முன்னாடியே அழிச்சுட்டார்டா" என்றார் சதாசிவம்.

எல்லோரும் லட்சுமணனைப் பார்த்தார்கள். ஆமாம், அழித்துவிட்டேன் என்றால் போதும், தட்டு மாறிவிடும். அனுவும் பார்த்துக்கொண்டிருந்தாள். 

"அழியலை" என்றார் லட்சுமணன். "பொய் சொல்லிட்டேன். உள்ளதான் இருக்கு."

 நாயனக்காரர் டவுன்ஷிப் வாசற்பக்கம் எங்கோ சுருதி பார்ப்பது கேட்டது. சதாசிவம் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்து உட்கார்ந்தார்.

"எடுங்க, பார்ப்போம். வயசு ஒண்ணு ஏறிப்போச்சு, அதை மாத்தணும்."

அனு தாம்பூலத் தட்டைக் கொண்டுவந்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள்.